கை வீசிட்டு வராத மனுசன்

கல்லாங்காட்டுப்பாளையத்துல ஒரு ஊட்டு வாசல்ல பச்சை வேன் வந்து நின்னுச்சுன்னா அந்த ஊட்டுக்காரங்க சாமியக் கும்புடமாட்டாங்க, அழமாட்டாங்க, வேனுக்குள்ளருந்து என்ன எறங்குதுன்னுதான் கழுத்தை நீட்டிப் பாப்பாங்க. ஏன்னா எறங்குற சாமானை வெச்சுத்தான் மறாநாளு என்ன கேடு வரப்போவுதுன்னு தெரியும். தகரம் எறங்குச்சுன்னா கூரை போவப்போவுது. கறவை மாடு எறங்குச்சுன்னா கட்டுத்தறியில நிக்கிற மாட்டுக்கு இன்னைக்குத் தின்ற சோளத்தட்டுதான் கடைசித் தட்டு. புதுச் சைக்கிள் எறங்குச்சுன்னா பழைய சைக்கிளை எவனோ கண்ணு வெச்சுட்டான். தையல் மெஷின் எறங்குச்சுன்னா மட்டும் கழுத்தை நீட்டற பேச்சே கெடையாது, பொம்பளை நேராத் தாலியப் புடிச்சுக்குவா.

அந்த வேனு கைத்தாங்கல் இன்சூரன்ஸ் கம்பெனியோடது, கம்பெனி அத்தியப்பனோடது, அத்தியப்பனோ ஒரு காலத்துல லாரியில கிளீனராப் போனவரு. மலை எறக்கத்துல அந்த லாரி கவுந்து டிரைவரு அங்கயே போய்ச் சேந்துட்டாரு. அத்தியப்பனுக்கு எடது கை ஒடிஞ்சு தொங்குச்சு, தொங்குன கையைத் துண்டுல கட்டிக்கிட்டு டிரைவரு ஊட்டுக்குச் சாவு சொல்லப் போனாரு. சேதியைக் கேட்ட டிரைவரு சம்சாரம் இவரைத் தலையிலருந்து காலு வரைக்கும் பாத்துச்சு. "ஏன்டா, சாவு சொல்ல வர்றவன் கை வீசிட்டு வந்தியா? ஒரு படி அரிசி இல்ல, ஒரு மொழந் துணி இல்ல, சேதியை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கறயே, அதை வெச்சு நான் என்ன பண்ணட்டும், ஒலையில போட்டு வேவிக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு.

அந்தக் கேள்வி அத்தியப்பனுக்கு முள்ளாட்டம் ஏறிப்போச்சு. ஒடிஞ்ச கை கோணலாக் கூடி மத்தக் கையை விடச் சித்த குட்டையாவே நின்னுபோச்சு, ஆனா அன்னையிலருந்து அந்த ரெண்டு கையும் ஆரு ஊட்டுக்கும் சும்மா போனதில்ல. பக்கத்தூட்டுல நெருப்புக் கேக்கப் போனாக்கூட ஒரு கத்திரிக்கா கொண்டுபோவாரு. பொண்ணு பாக்கப் போனப்ப அண்டா, குண்டா, பாய், தலகாணின்னு ஒரு குடித்தனத்தையே வண்டியில ஏத்திட்டுப் போக, பொண்ணூட்டுக்காரங்க ஏலம் போடறவன் வந்துட்டான்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்படியே கல்யாணமும் இல்லாமப் போச்சு.

அப்பறம் லாரிக்காரங்க ஒவ்வொருத்தரையும் புடிச்சு, அவங்கவங்களால முடிஞ்சதைப் போடச் சொல்லி ஆரம்பிச்சதுதான் கைத்தாங்கல் கம்பெனி. மொதல்ல எல்லாக் கம்பெனியாட்டந்தான், கேடு வரும், அப்பறம் கம்பெனி வரும். ஆனா அத்தியப்பனுக்கு அது பத்தல. மறுவாரம் போனவரு மறாநாளே போவ ஆரம்பிச்சாரு, மறாநாளு போனவரு அன்னைக்கே போனாரு, அப்பறம் எழவுச் சேதி கொண்டுபோறவன்கூடவே போனாரு, அப்பறம் சேதிக்காரன் டீ குடிக்க நின்ன எடவேளையில அவனைத் தாண்டிப் போனாரு, இன்னும் வெரசாப் போவணும், இன்னும் வெரசாப் போவணும்னு அடிச்சுக்கிட்டுப் போனதுல ஒரு நாளு வரப்போற கேட்டையே தாண்டி முன்னால போயிட்டாரு.

அந்த நாளு, இலை அசையாத நாளு. சிலம்பாயி ஊட்டு வாசல்ல வேன் நின்னு தகரம் எறங்குச்சு. "ஏனுங் மொதலாளி, எங்கூரை நல்லாத்தானே இருக்குது?"ன்னா சிலம்பாயி. அத்தியப்பன் எதுக்கும் ஒரே பதிலு வெச்சிருப்பாரு, வெத்தலையை ஒரு கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு மெதுவா, கொழகொழன்னு: "பாத்துக்கலாமுங்க." மறாநாளு சுழிக்காத்து வந்து கூரையை அப்படியே தூக்கிட்டுப் போயி அடுத்தூருப் புளியமரத்துக்குக் குல்லா போட்டாப்புல வெச்சுது. சிலம்பாயி ஆச்சரியமெல்லாம் படல. "நல்லவேளை, தகரம் ஊட்லயே கெடக்குது, அலைய வேண்டியதில்ல"ன்னு ஏணியைத் தேடப் போயிட்டா.

ஊருக்காரங்களும் அப்படியேதான் பழகிக்கிட்டாங்க. வேன் சத்தம் கேட்டா வீதியில கதவுக வரிசையா டப்பு டப்புன்னு சாத்திக்கும், வாசப்படியில சீமாறும் பிஞ்ச செருப்பும் போட்டு வெப்பாங்க, புள்ளைங்க வேன் தாண்டற வரைக்கும் மூச்சைப் புடிச்சுக்குவாங்க. சம்மந்தம் பேச வர்றவங்க நகை நட்டைக் கேக்கறதுக்கு முன்னால "ஏனுங், உங்க வாசல்ல இந்த வருசம் வேன் நின்னுச்சுங்களா?"ன்னு கேப்பாங்க. தகரம் வேண்டாம்னு திருப்பி அனுப்புனவங்களும் உண்டு, அவங்க ஊட்டுக் கூரையும் போச்சு, தகரமும் இல்லாம நனைஞ்சாங்க. பேராசை புடிச்ச சில பேரு வேனுக்குக் கதவை அகலத் தெறந்து வெச்சு, மாடு எறங்குனதும் சிரிச்சு, சிரிச்ச வாயை மூடறதுக்குள்ள கட்டுத்தறியப் பாத்து அழுதாங்க.

ஒருக்கா டவுன்லருந்து பேண்ட்டு போட்ட ஆபீசரு ஒருத்தரு இதென்ன மோசடின்னு விசாரிக்க வந்தாரு. நாளெல்லாம் துருவித் துருவிக் கேட்டாரு, "பாத்துக்கலாமுங்க"தான் கெடைச்சுது. கெளம்பறப்ப அத்தியப்பன் ஒரு வேட்டியை மடிச்சு அவரு கையில குடுத்தாரு. "லஞ்சமா?"ன்னு ஆபீசரு உறுமிட்டு வேட்டியை வீசிட்டு பஸ் ஏறுனாரு. ஏறுன எடத்துலயே ஒரு ஆணி, பேண்ட்டு பின்னால தொடையிலருந்து இடுப்பு வரைக்கும் டர்ருன்னு ஆச்சு. வெசாரணை அத்தோட முடிஞ்சுது.

அப்பறம் அத்தியப்பன் பள்ளிக்கூடம் கட்டுனாரு. பள்ளிக்கூடம்னா எந்தக் கேடு வர்றதுக்குன்னு ஊரே கூடி யோசிச்சுது. டீக்கடை மாதேசு மூக்குலயே பேசற ஆளு, "ங்கொழந்தைங்களுக்குப் படிப்பு வரப்போவுதுடா, அதுதான் கேடு"ன்னான். ஆசுபத்திரி கட்டுனாரு, படுக்கைகளைப் பாத்துட்டு அவனவன் இது ஆரோடதோன்னு தள்ளியே நின்னான். அநாதைப் புள்ளைங்களுக்கு ஒரு விடுதி கட்டுனப்பதான் ஊரு நெசமா நடுங்கிப்போச்சு. ஊர்ல ஒரு அநாதை இல்ல, எதுக்கு இந்த விடுதின்னு தாய்மாருங்க புள்ளைங்களை முந்தானையில முடிஞ்சுக்காத கொறையாப் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாங்க. கடைசியில எங்கயோ கெழக்க ஆத்தங்கரை ஒடைஞ்சு, தாய்தகப்பனை வெள்ளத்துக்குக் குடுத்துட்டு லாரியில வந்து எறங்குனது அந்தச் சீமைப் புள்ளைங்க. நம்ம புள்ளைங்க இல்லன்னு பொம்பளைங்க மொதல்ல மூச்சு விட்டாங்க, விட்ட மூச்சுக்கு அப்பறமா வெக்கப்பட்டு, சோறாக்கித் தூக்கிட்டு விடுதிக்கு ஓடுனாங்க.

ஊரு இப்படி ஓடுனாலும் பாவாயி மட்டும் எட்டியே நின்னா. பாவாயி எதையும் நம்பமாட்டா. உப்பை மோந்து பாத்துத்தான் வாங்குவா, பாலைத் தரையில ஒரு சொட்டு விட்டுப் பாப்பா, புருசன் வையாபுரி பூ வாங்கிட்டு வந்தாக்கூட "எங்க போயி என்ன பண்ணிட்டு வந்தீங்க?"ன்னுதான் கேப்பா. வையாபுரியோ லாரி டிரைவரு, கல்கத்தா வரைக்கும் போற ஆளு, ஊட்லயும் லாரியாத்தான் இருப்பான். வீதி முக்குல திரும்பறப்பவே வாயில "பாம்ம் பாம்ம்"னு அடிச்சுக்கிட்டு வருவான், சோறு பத்தலன்னா வட்டலைத் தட்டி ஹாரன் அடிப்பான்.

"கேடு வர்றது தெரிஞ்சு அந்த மனுசன் அனுப்பறாரா, இல்ல அவரு அனுப்பறதாலதான் கேடு வருதா?"ன்னு பாவாயி கேப்பா. "எங்கப்பனூர்ல ஒருத்தன் வைக்கப்போருக்குத் தீ வெச்சுட்டு அவனே மொதக் கொடத்தைத் தூக்கிட்டு ஓடியாந்தான். நான் கண்ணால பாத்தவ."

"அட போ புள்ள, அவரு தர்மவான்."

"இத்தனை தர்மம் எதுக்குப் பண்றாருங்கறன்? செய்யாத தப்புக்கு ஆராச்சும் இத்தனை செய்வாங்களா?"

கைத்தாங்கல் கம்பெனியில சேரவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. வையாபுரி சத்தியம் பண்ணிட்டு நேராப் போயிச் சேந்துட்டான்.

அது அவளுக்குத் தெரிஞ்சது ஒரு காத்தால. வேன் சத்தம் கேட்டுச்சு. கதவுக டப்பு டப்புன்னு சாத்திக்கிட்டே வந்துச்சு. சிலம்பாயி ஊட்டைத் தாண்டுச்சு, தாண்டறப்ப உள்ளருந்து சிலம்பாயி "முருகா, தாண்டிருச்சு"ன்னது வெளிய கேட்டுச்சு. பாவாயி ஊட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. வேன் ஓட்டற சடையன் தலையை நிமுத்தாம எறங்கி, ஒரு மரப்பொட்டியைத் தூக்கியாந்து வாசல்ல வெச்சான். பொட்டி மேல கரி மையில பெருசா எழுதியிருந்துச்சு: தையல் மெஷின்.

"ஊடு மாறி வந்துட்ட"ன்னா பாவாயி.

"இல்லீங்க்கா."

"மாறித்தான் வந்திருக்கற. நல்லா யோசி."

"வையாபுரி ஊடுதானுங்க்கா"ன்னு சடையன் தன்ர கட்டை விரலைப் பாத்துச் சொன்னான்.

ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த வையாபுரி துண்டோட ஓடியாந்தான். "ஆருக்குப் புள்ள மெஷினு? நீ எப்பத் தைக்கப் பழகு..."ன்னவன் அப்படியே நின்னுட்டான். தலையிலருந்து தண்ணி சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. "அடக்கெரகமே"ன்னான். "நானா?"

ஊர்ல ஏற்கெனவே கம்பெனி மெஷினு ஓடற ஊடுக அங்கொண்ணும் இங்கொண்ணுமா உண்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால தாலி இல்லாத ஒருத்தி காலால மிதிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பொழுது சாயறதுக்குள்ள அவங்கல்லாம் சேந்து பாவாயி ஊட்டுக்கு வந்துட்டாங்க. கெட்ட எண்ணமே இல்லாமத்தான் வந்தாங்க. "ஊசியில நூலு கோக்கறது மட்டுஞ் சொல்லிக் குடுத்துட்டுப் போறோம் பாவாயி, இப்பவே பழகிக்கிட்டீன்னா அப்பறம் செரமமிருக்காது"ன்னாங்க. பாவாயி சீமாத்தை எடுத்தா.

அதுக்கப்பறம் வந்தவன் வையாபுரியோட அண்ணங்காரன் ராக்கியண்ணன். வந்தவன் தம்பி தோள்ல கை போட்டு, "என்ன தம்பி, இப்படி ஆயிப்போச்சு"ன்னு செத்தவன்கிட்டயே துக்கம் கேட்டான். கேட்டுக்கிட்டே அவன் மணிக்கட்டைப் பாத்து, "இந்த வாட்சு தண்ணி பட்டா ஓடுமா?"ன்னான். பறையடிக்கிறவங்க நாலு தெரு தள்ளி ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கறதா வேண்டாமான்னு தெரியாம, "ஏனுங், நாளைக்கா நாளன்னைக்காங்கறதை மட்டும் சொன்னீங்கன்னா"ன்னு வாசல்ல வந்து தலையைச் சொறிஞ்சாங்க. சிலம்பாயி, வையாபுரிக்குப் புடிக்கும்னு கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சுக் கொண்டாந்து, அவன் திங்கறதை வெச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டு, "நல்லாத் தின்னு ராசா"ன்னு மூக்கைச் சிந்துனா.

"கொழம்பு நல்லா இருக்குது பெரீம்மா, தெனம் ஒருக்காச் செத்தாத் தேவலை"ன்னான் வையாபுரி. ஒருத்தரும் சிரிக்கல. அவனுக்கே சிரிப்புப் பாதியில நின்னுபோச்சு.

பாவாயி எல்லாரையும் வெரட்டிவிட்டா. கோழிக் கொழம்புல எலும்பிருக்குதுன்னு புடுங்கி வெச்சா, சவரக்கத்தியை ஒளிச்சா, கெணத்துப் பக்கம் போகாதேன்னா, லாரிச் சாவியை அடுப்புச் சாம்பலுக்குள்ள பொதைச்சா. அந்த லாரி அவங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல மேட்டு மேல நின்னுக்கிட்டிருந்துச்சு, சக்கரத்துக்கு அண்டை குடுத்து ஒரு கல்லு. அண்ணங்காரனும் துக்கங் கேக்கறவங்களும் மறுபடி மறுபடி கதவைத் தள்ளிட்டு வந்ததால, பாவாயி அந்தக் கல்லைப் புடுங்கி உருட்டியாந்து கதவுக்கு உள்பக்கமா முட்டுக் குடுத்தா. முட்டுக் குடுத்துட்டு நெம்மதியா மூச்சு விட்டா.

மறாநாளு ஒண்ணும் நடக்கல. ஊருக்கே சங்கடமாப் போச்சு. மாதேசு "ங்கம்பெனிக்கு வயசாயிருச்சு போலருக்குதே"ன்னான். அதுக்கடுத்த நாளு பாவாயிக்குப் பொறுக்கல. ஒரு தள்ளுவண்டியில மரப்பொட்டியை ஏத்தி, வீதி வேடிக்கை பாக்க, தானே தள்ளிக்கிட்டு அத்தியப்பன் ஊட்டுக்குப் போனா. ஊர்ல அத்தனை வாசல்லயும் நின்ன வேன் அவரு சொந்த வாசல்ல மட்டும் நின்னதேயில்ல. கம்பெனியிலயே நிறுத்திட்டு நடந்து வருவாரு. அந்த ஊட்டுக்கு ஒறம்பரைன்னு ஆரும் போனதுமில்ல. முன்கட்டு ஆசாரத்துல ஒத்தை நாற்காலியில உக்காந்திருந்தவரு முன்னால பொட்டியைத் தொம்முன்னு எறக்கி வெச்சா.

"ஏனுங் மொதலாளி, என்ர புருசனை என்ன பண்ணப்போறீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணறதில்லையே அம்மணி."

"அப்பறம் எப்படித் தெரியுது உங்களுக்கு?"

அத்தியப்பன் வெத்தலையைத் துப்பிட்டு வந்து உக்காந்தாரு. "என்ன வரும்னு எனக்குத் தெரியாது அம்மணி. காத்தால எந்திரிச்சா, இன்னாரு ஊட்ல இன்னது இல்லையே, இன்னது இல்லையேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும். என்ன இல்லங்கறது தெரியும். அது எதனால இல்லாமப்போவுதுன்னு தெரியாது. கொண்டுபோயிக் குடுத்தாத்தான் அடிப்பு நிக்கும்."

"செரி. அப்ப எனக்கென்ன வேணும்னு நானே சொல்லிப்போடறன். எனக்கு எம்மாமன் வேணும். அதை வேன்ல ஏத்தி அனுப்புங்க."

அத்தியப்பன் வாயைத் தெறந்தாரு. "பாத்துக்..."ன்னு வந்துச்சு. மிச்சம் வரல. ஊர்ல மொதத்தடவையா அந்த வார்த்தை பாதியில நின்னுச்சு.

பாவாயி விடல. "முந்தியெல்லாம் கேடு முடிஞ்சப்பறம் வந்தீங்க. இப்பக் கேடு வர்றதுக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிர்றீங்க. சாமானை எறக்குனாப் போதும், உங்க மனசு அடிக்கறது நின்னுபோவும், வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவீங்க. அது வர்றப்ப ஆரு இருப்பா? என்னைக்காச்சும் ஒரு நாளு, அது வர்ற நேரத்துக்கு எவனூட்லயாச்சும் உக்காந்திருந்திருக்கீங்களா நீங்க?"

கேட்டுட்டு, காலித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு வந்துட்டா.

அன்னைக்குச் சாயந்தரம் வீதியில என்னைக்கும் இல்லாத ஒரு சத்தம் கேட்டுச்சு; கதவுக தெறக்கற சத்தம். சாத்துன கதவெல்லாம் தானாத் தெறந்து ஊடு ஊடாச் சனம் வெளிய வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. அத்தியப்பன் நடந்து வர்றாரு. வேன் இல்ல, பை இல்ல, கத்திரிக்கா இல்ல. "கை வீசிட்டு வர்றாருடோய்!"னு எவனோ கத்துனான். பழக்கமில்லாததால அவருக்கு அந்தக் கைகளை என்ன பண்றதுன்னே தெரியல, பின்னால கட்டிப் பாத்தாரு, முன்னால கட்டிப் பாத்தாரு, கடைசியில நெட்டையும் குட்டையுமா ரெண்டு சொரக்காயாட்டம் தொங்கவிட்டுக்கிட்டு வந்து பாவாயி ஊட்டு வாசல்ல நின்னாரு.

"சித்த உக்காந்துக்கறன் அம்மணி"ன்னாரு.

பாவாயி அவரை முன்னாலயும் பின்னாலயும் சுத்திப் பாத்தா, வேட்டி மடிப்புல ஏதாச்சும் வெச்சிருக்காரான்னு பாத்தா. அப்பறம் கதவுக்கு முட்டுக் குடுத்த கல்லைத் தள்ளிட்டு, ஒரு கயித்துக் கட்டலை வாசல்ல போட்டா. சீமாத்தைக் கையில வெச்சுக்கிட்டே பக்கத்துல நின்னா.

வையாபுரிக்குத்தான் ரொம்பச் சந்தோசம். பேச்சுத் தொணைக்கு ஆளு கெடைச்சுது. "ஏனுங் மொதலாளி, எப்பங்க?"

"தெரியலையே தம்பி."

"வலிக்குமுங்களா?"

"தெரியலையே தம்பி."

"இத்தனை பெரிய கம்பெனி வெச்சிருக்கீங்க, ஒரு தகவலும் இல்லீங்களே"ன்னு அவன் சிரிச்சான், அவரும் சிரிச்சாரு, பாவாயிக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா சந்தேகப்பட்டு அடக்கிக்கிட்டா.

அப்பத்தான் எதுத்தாப்புல மேட்டுல லாரி மெதுவா, ஆருக்கும் சொல்லாம, அசைஞ்சுது. ரெண்டு நாளாக் கல்லில்லாம நின்ன வண்டி. எறக்கத்துல சிலம்பாயி, மூஞ்சியத் திருப்பி வெச்சு அரிசி பொடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. வையாபுரி பாத்தான். பாவாயி "மாமா"ன்னு கத்தறதுக்குள்ள அவன் வாயில "பாம்ம்ம்"னு பெரிய ஹாரன் அடிச்சுக்கிட்டே ஓடி, உருள்ற வண்டிக் கதவைப் புடிச்சுத் தொங்கிட்டான். சிலம்பாயி மொறத்தைப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடிட்டா. வையாபுரி ஒரு கையை உள்ள உட்டுக் கை பிரேக்கை இழுத்தான். வண்டி குலுங்குன குலுக்கல்ல கையி நழுவி, காலு ரெண்டும் சக்கரத்துப் பக்கம் போச்சு.

ஊரே பாத்துக்கிட்டு நின்னுச்சு, ஓடிப்போனது அத்தியப்பன் ஒருத்தருதான். மத்த நாளா இருந்தா அந்தக் கைகள்ல ஒரு தகரமோ ஒரு மூட்டையோ இருந்திருக்கும். அன்னைக்கு ஒண்ணும் இல்ல. நெட்டைக் கையை ஒரு கக்கத்துலயும் குட்டைக் கையை ஒரு கக்கத்துலயும் குடுத்து, அவனை நெஞ்சோட அணைச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தாரு. வண்டி போயி வேப்பமரத்துல முட்டி நின்னுச்சு. ரெண்டு காலும் முழங்காலுக்குக் கீழ மட்டுந்தான் அதுக்குக் கெடைச்சுது, மிச்ச ஆளு அத்தியப்பன் நெஞ்சுல கெடந்தான். ஆசுபத்திரி வரைக்கும் புடிச்ச கையை அவரு உடல. டாக்டரு "உடுங்க மொதலாளி"ன்னு சொல்லியும் உடல, வெரலு வெரலாப் பிரிக்க வேண்டியதாப்போச்சு.

வையாபுரி பொழைச்சு ஊடு வந்தப்பறம் அந்த மரப்பொட்டி மறுபடியும் வந்துச்சு, வேன்ல இல்ல, அத்தியப்பன் தோள்ல. ஊரு கூடி நிக்கப் பாவாயி அரிவாமணையால பலகையை நெம்புனா. உள்ள இருந்தது கை மெஷின். சக்கரத்துல ஒரு கைப்புடி, அதைச் சுத்துனா ஓடும். மிதிக்கறதுக்குப் பெடலுமில்ல, காலுக்கு அங்க ஒரு வேலையுமில்ல. கம்பெனி குடுத்த மெஷினெல்லாம் கால் மெஷின், அதுக எதுவும் இந்தப் பொட்டிக்குள்ள அடங்கவே அடங்காது, கண்ணிருந்த எவனும் வந்த அன்னைக்கே பாத்திருக்கலாம். மெஷினுன்னாத் தாலியில்லாதவளுக்குங்கற பழக்கத்துல ஒருத்தனும் பொட்டியப் பாக்கல, எல்லாரும் பாவாயி கழுத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

"ங்நான் அன்னைக்கே நெனச்சேன்"னான் மாதேசு.

"நெனச்சே, வாட்சு கேட்ட அண்ணங்காரனுக்கு டீ போட்டுக் குடுத்தவன்தானே நீ"ன்னா சிலம்பாயி.

அதுக்கப்பறமும் ஊரு ரெண்டாத்தான் நின்னுச்சு. வந்தப்பவே அது கை மெஷின்தான், வையாபுரிக்குன்னே வந்துதுன்னு ஒரு கூட்டம். இல்ல, வந்தப்பக் கால் மெஷின்தான், பொட்டியே அப்ப எத்தாம்பெருசு தெரியுமா, பாவாயி போயிக் கேட்ட கேள்வியில அத்தியப்பன் ஊட்டு ஆசாரத்துல வெச்சே அது சுருங்கிப் போச்சுன்னு இன்னொரு கூட்டம். பாவாயி எந்தக் கூட்டத்துலயும் சேரல. பொட்டியோட ஆணிகளை ஒண்ணொண்ணா எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, நடுவுல ஆராச்சும் தெறந்து மூடியிருக்காங்களான்னு. பாதி ஆணி துருவேறியும் பாதி ஆணி பளபளன்னும் இருந்துச்சு.

"சொல்லமாட்டீங்கல்ல?"ன்னு அத்தியப்பனைக் கேட்டா.

"எனக்கே தெரியாது அம்மணி"ன்னாரு. அவ நம்பல. ஆனா அன்னைக்குத்தான் அவருக்கு மோரு குடுத்தா, தான் ஒரு வாய் குடிச்சுப் பாக்காம.

கல்கத்தா வரைக்கும் லாரி ஓட்டுனவன் சட்டை தைக்கறதுல என்ன கூத்துங்கறீங்க. கைப்புடியைச் சுத்தறப்ப வாயாலயே கியரு மாத்துவான், காலரு வளைவு வந்தா "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி"ம்பான், தோளு மேட்டுல ஏறறப்பப் புகை தள்ளுவான், நூலு அறுந்தா "பஞ்சரு"ன்னு கத்துவான். அவன்கிட்டத் துணி குடுத்தாக் கூடவே உக்காந்து ஒரு ஊரு போயி வந்தாப்புல இருக்கும்னு தேவையில்லாதவங்கெல்லாம் சட்டை தைச்சாங்க.

பச்சை வேனு அதுக்கப்பறம் ஒரு வாசலுக்கும் முந்திப் போகல. கேடு வர்றப்ப வந்துச்சு, சாமானும் அன்னைக்கே வந்துச்சு. அத்தியப்பன் மட்டும் கை வீசிக்கிட்டு, இன்ன ஊடுன்னு கணக்கில்லாம, எங்கயாச்சும் போயி உக்காந்துக்கிட்டிருப்பாரு. அதுக்கும் ஊரு சந்தேகப்பட்டுது. "சும்மா வந்து உக்காந்துட்டுப் போறாரே, என்னவா இருக்கும்?"னு அவரு போனப்பறம் கட்டலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாங்க. ஒண்ணுமில்லன்னு தெரியத் தெரியத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் காப்பித் தண்ணி குடுத்தாங்க.

அப்படியே வருசங்க போச்சு, அத்தியப்பனுக்குத் தலை பஞ்சாச்சு. ஒரு காத்தால பாவாயி எந்திரிச்சுப் பாக்கறா, வையாபுரி மெஷின் முன்னால உக்காந்து தைச்சுக்கிட்டிருக்கறான். ஹாரன் இல்ல, கியரு இல்ல. வெள்ளைத் துணி.

"ஆரு குடுத்த துணிங்க?"

"ஆரும் குடுக்கல. பொட்டியில கெடந்துச்சு."

"அப்பறம் ஆருக்குத் தைக்கறீங்க?"

"தெரியல புள்ள. எந்திரிச்சதுலருந்து கையி கெடந்து அடிச்சுக்குது. சுத்துனாத்தான் நிக்குது."

பாவாயி தைச்ச துணியை எடுத்து ஒதறிப் பாத்தா. நெட்டை ஆளுக்கான சட்டை. வலது கை முழுசா இருந்துச்சு. எடது கை சித்த குட்டையா இருந்துச்சு. ரெண்டு பேரும் அதையே பாத்தாங்க. வையாபுரி அதைத் திருப்பி வாங்கி, கடைசிப் பித்தானை வெச்சு நூலைப் பல்லால கடிச்சான்.

பாவாயி சட்டையை மடிச்சு ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வீதியில எறங்குனா. மொதல்ல பாத்தது சிலம்பாயி. கையில என்னன்னு பாத்தா, பாவாயி மூஞ்சியப் பாத்தா, அப்பறம் டப்புன்னு கதவைச் சாத்துனா. அப்பறம் அடுத்த ஊடு. அப்பறம் அதுக்கடுத்தது. டீக்கடை மாதேசு தட்டியை எறக்குனான். புள்ளைங்க மூச்சைப் புடிச்சுக்கிச்சு. அவ போகப் போக ரெண்டு பக்கமும் கதவுக டப்பு டப்புன்னு சாத்திக்கிட்டே போச்சு, பழைய காலத்துல வேனுக்குச் சாத்துனாப்புலயே. எத்தனையோ வருசம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு ஒரு மனுசன் இந்த வீதியில நடந்திருக்கறாரேன்னு அவளுக்கு அப்பத்தான் தோணுச்சு.

வீதிக் கடைசியில ஒரே ஒரு கதவு தெறந்திருந்துச்சு. ஆசாரத்துல அதே ஒத்தை நாற்காலியில அத்தியப்பன் உக்காந்திருந்தாரு, அவளையும் பாத்தாரு, அவ கையையும் பாத்தாரு. ஒரு சிரிப்புச் சிரிச்சாரு.

"முந்தியே வந்துட்டியா அம்மணி?"

"கை வீசிட்டு வரக்கூடாதுங்களே"ன்னா பாவாயி. சட்டையை நீட்டுனா.

அவரு எந்திரிச்சு, போட்டிருந்த சட்டையைக் கழட்டிட்டுப் புதுச்சட்டையை மாட்டுனாரு. வலது கையை நீட்டிப் பாத்தாரு, எடது கையை நீட்டிப் பாத்தாரு. எத்தனையோ சட்டை போட்டிருக்கறாரு, எடது மணிக்கட்டுல சரியா நின்ன மொதச் சட்டை அதுதான்.

"அளவு சரியா இருக்குது"ன்னாரு. "ஆரு, தம்பியா தைச்சது?"

"ஆமாங்."

"செரி. போயிட்டு வா அம்மணி. வேலை கெடக்கும்."

பாவாயி போகல. சுத்திமுத்திப் பாத்தா, அந்த ஊட்ல இன்னொரு நாற்காலி இல்ல. அவரு நாற்காலிக்குப் பக்கத்துல, முந்தி அந்த மரப்பொட்டியை எறக்கி வெச்ச எடத்துலயே, தரையில உக்காந்து முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டா.

"எப்பங்க?"ன்னு கேட்டா.

"தெரியலையே."

"செரி"ன்னா பாவாயி. "பாத்துக்கலாமுங்க."